நீடிலைக் கடைசியில் தொடுங்கள்: ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் விமான எஞ்சினுக்கு ஒரு முழு வழிகாட்டி

எஞ்சின் சரியாக ஓடவில்லை என்றதும் கை தானாகவே நீடிலுக்கு (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) போகிறது. அரைச் சுற்று திறப்பது, கால் சுற்று மூடுவது, போகிற போக்கில் ஐடில் (மிகக் குறைந்த வேக ஓட்டம்) ஸ்க்ரூவையும் ஒரு திருகு. அரை மணி நேரத்தில் பழைய கோளாறு அப்படியே இருக்க, தப்பான செட்டிங்கும் அதோடு சேர்ந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ட்யூனிங் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் செத்துக்கொண்டிருக்கும் பிளக், ஓட்டை விழுந்த ட்யூப், விலகிப்போன டேப்பெட் (வால்வ் இடைவெளி), எங்கோ ஓர் ஏர் லீக். இவற்றை வரிசையாகக் கழித்துவிட்டு வந்தால் நீடில் வேலை பத்தே நிமிடம்.

இங்கே பேசுவது ஒற்றை சிலிண்டர் க்ளோ எஞ்சின்களைப் பற்றி, அதாவது மெத்தனால் எரிபொருளைச் சூடான பிளக் கம்பியால் பற்றவைப்பவை. ஓஎஸ் எஃப்எஸ் சர்பாஸ், சைட்டோ எஃப்ஏ போன்ற வரிசைகளில் 52 முதல் 91 வரையான அளவுகள். 70 என்றால் 0.70 கன அங்குலம், அதாவது சுமார் 11.5 சிசி. ஓஎஸ் நிறுவனம் 1976-ல் எஃப்எஸ்-60 எஞ்சினைக் கொண்டுவந்த காலத்திலிருந்து கேம் (வால்வைத் திறக்கும் மேடுள்ள சக்கரம்), புஷ்ராட் (அதன் தள்ளலை மேலே கொண்டுபோகும் கம்பி), ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்), மேலே இரண்டு வால்வ் என்ற அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால் கீழே சொல்வது பழைய எஞ்சினுக்கும் புதியதற்கும் பொருந்தும். ஒய்எஸ் எஞ்சின்கள் எரிபொருளை அழுத்தத்தில் ஊட்டுபவை; அவற்றுக்கு டேப்பெட் பகுதி பொருந்தும், கார்புரேட்டர் பகுதி பொருந்தாது.

தொடங்குமுன்: மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும் விஷம் அது. ப்ரொப்பெல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நின்று நீடிலைத் திருகாதீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்னால் வந்துவிட வேண்டும். விமானத்தை ஒருவர் பிடித்திருக்கட்டும், அல்லது வாலைக் கட்டிவையுங்கள்.

தேவையான கருவிகள்

0.04 மி.மீ., 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), எஞ்சினோடு வரும் ஆலன் கீயும் சின்ன ஸ்பானரும், பிளக் ஸ்பானர், ஒரு புதிய பிளக், அரை மீட்டர் சிலிக்கான் ட்யூப், ஆப்டிகல் டேக்கோமீட்டர் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் கருவி). டேக்கோமீட்டரை ஆடம்பரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டூ ஸ்ட்ரோக்குக்குக் காது போதும். அது ரிச்சாக (கலவையில் எரிபொருள் மிகுந்து) இருந்தால் ஓசையே மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் அடித்தொண்டைச் சத்தம் ரிச்சிலும் லீனிலும் (எரிபொருள் குறைந்த கலவை) ஏறக்குறைய ஒன்றுதான். லீனாகி உச்சத்துக்கு அருகே ஓடும்போது காதுக்கு மிக இனிமையாகவும் இருக்கும், அடுத்த சில நொடியில் பெரிய டப் சத்தத்தோடு நிற்கவும் செய்யும். அந்த இனிமையை நம்பக் கூடாது.

1. பிளக்கும் எரிபொருளும்

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பைக் காண்கிறது. இடையில் ஆறிப்போக அதற்கு நிறைய நேரம். அதனால் சூட்டைப் பிடித்துவைக்கும் பிளக் வேண்டும்: ஓஎஸ் டைப் எஃப் இதற்கென்றே செய்யப்பட்டது. டூ ஸ்ட்ரோக் பிளக்கைப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ஐடிலில்தான் ஆறி அணையும்.

பிளக்கைக் கழற்றி, சார்ஜ் ஏறிய க்ளோ இக்னைட்டரில் (பிளக் கம்பியைச் சூடாக்கும் பேட்டரி) மாட்டிப் பாருங்கள். கம்பி முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். அடிச்சுற்று மட்டும் மங்கலாக இருந்தாலோ, கம்பி வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தாலோ, நெளிந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். எரிகிற பிளக் எல்லாம் நல்ல பிளக் அல்ல. வினையூக்கியாக நின்று மெத்தனாலை எரியவைத்துச் சூட்டைத் தக்கவைப்பது கம்பியிலுள்ள பிளாட்டினம். அதன் மேற்பரப்பு கெட்டுவிட்டால் பேட்டரி கொடுத்தால் எரியும், எடுத்தால் தானாகச் சூடு தாங்காது. சந்தேகம் வந்தால் புதியதைப் போட்டுவிடுவதே மலிவான சோதனை.

எரிபொருளில் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) 10–15 சதவீதம், எண்ணெய் 18–20 சதவீதம் போதும். நைட்ரோவே இல்லாமலும் ஓடும், ஆனால் ஐடில் அவ்வளவு நிதானமாக இருக்காது. சாதாரணப் பறத்தலுக்கு 15-ஐத் தாண்டுவது காசுக்குக் கேடு. எண்ணெயில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் இருப்பது நல்லது. லீனாகிச் சூடேறும் நேரத்தில் சிந்தெட்டிக் எண்ணெய் கைவிடும் இடத்தில் அதுதான் காப்பாற்றும். அளவு மீறினால் வால்வ் தண்டில் வார்னிஷ் போலப் படிந்து ஒட்டவைக்கும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மூடி சரியாக மூடாத கேனில் மழைக்காலம் முழுவதும் கிடந்த எரிபொருளை வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

2. டேங்க், ட்யூப், ஏர் லீக்

டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டர் நீடிலின் மட்டத்திலோ, 5–10 மி.மீ. கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது ரிச், குறையக் குறைய லீன். தலைகீழாகப் பொருத்திய எஞ்சினில் கார்புரேட்டரும் கீழே இறங்கிவிடுகிறது. நிற்கும்போதே எரிபொருள் தானாக வழிந்து சிலிண்டருக்குள் போய்ச் சேர்வதற்கு முதல் காரணம் இதுதான். சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்த ட்யூப் கட்டாயம்.

எரிபொருள் ட்யூபில் குமிழிகள் ஓடுகின்றனவா என்று ஓடும்போது பாருங்கள். நுரை போலப் பொடிப் பொடியாக வந்தால் டேங்க் அதிர்கிறது. சுற்றிலும் ஸ்பான்ஜ் வைத்து, விமானத்தின் ப்ளைவுட்டைத் தொடாமல் பொருத்துங்கள். தனித்தனியாகப் பெரிய குமிழிகள் வந்தால் எங்கோ ஓட்டை. டேங்கை வெளியே எடுத்து ஒரு ட்யூபைத் தவிர மற்றதை அடைத்து, தண்ணீரில் முக்கி ஊதினால் வெளி ஓட்டை தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் ட்யூப் மறந்துபோகிற இடம். கிளங்க் (ட்யூபின் நுனியில் தொங்கி, எரிபொருள் இருக்கும் பக்கம் சாயும் எடை) அருகே அது விரிசல் விடும். மூக்குக் குத்தி இறங்கிய விமானத்தில் கிளங்க் முன்பக்கமாக மடிந்து மாட்டிக்கொண்டிருக்கும்; தரையில் எல்லாம் சரியாக ஓடி, மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் நின்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி எஞ்சின் பக்கம். கார்புரேட்டர் சிலிண்டரோடு ஒட்டியிருக்காமல், இன்டேக் குழாய் வழியாக இணைந்திருப்பதால் ஓ-ரிங் போட்ட இணைப்புகள் வருகின்றன. ஒரு ஓ-ரிங் தட்டையாகிவிட்டால் அங்கே காற்று புகும். ஐடில் நிமிடத்துக்கு ஒருமுறை 2,000 சுற்று, மறுமுறை 2,800 என்று அலையும், எந்த ஸ்க்ரூவும் அதைப் பிடிக்காது. ஐடிலில் ஓடவிட்டு, ப்ரொப்பெல்லரின் பின்புறமிருந்தே, அந்த இணைப்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். சுழற்சி மாறினால் லீக் அங்கேதான். கார்புரேட்டர் போல்ட், பின் தட்டின் ஸ்க்ரூ, எக்ஸாஸ்ட் நட் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் நட் சூட்டில் தளரும் வழக்கமுடையது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்னொரு முறை இறுக்கினால் நிற்கும்.

கிராங்க்கேஸிலிருந்து வெளியே வரும் ப்ரீதர் நிப்பிள் ஒன்று இருக்கும். எண்ணெய் வடிகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகையும் எண்ணெயும் வெளியேறும் வழி அது. ஒரு ட்யூப் மாட்டி உடலுக்கு வெளியே விடுங்கள், அவ்வளவுதான்.

3. கம்ப்ரஷன்

பிளக் மாட்டிய நிலையில், க்ளோ இக்னைட்டர் இல்லாமல், ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கம்ப்ரஷன் தடுக்க வேண்டும். அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால் சில நொடிகள் தாங்கி மெதுவாக விட்டுக்கொடுப்பது இயல்பு. ரிங் உள்ள எஞ்சின் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தடையே இல்லாமல் சரிந்தால் காதை வையுங்கள். கார்புரேட்டரில் உஸ் சத்தம் வந்தால் இன்டேக் வால்வ். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ். ப்ரீதரில் பலமாக வந்தால் ரிங். பிளக்கைச் சுற்றி எரிபொருள் குமிழியிட்டால் பிளக் வாஷர். பிளக் துளை வழியாக நான்கைந்து சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள்: கம்ப்ரஷன் திரும்பினால் ரிங்கில் தேய்மானம், அப்படியே இருந்தால் வால்வ்.

நாள்பட்டுக் கிடந்த எஞ்சினில் வால்வ் தேய்ந்திருப்பதில்லை, ஒட்டியிருக்கும். ஹீட் கன் வைத்து ஹெட்டைச் சூடாக்கி, ராக்கர் மூடியைத் திறந்து வால்வ் தண்டுக்கு மெல்லிய எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினாலே பெரும்பாலும் விடுபட்டுவிடும். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை.

4. டேப்பெட் இடைவெளி

புதிய எஞ்சினில் முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கட்டாயம் பார்க்க வேண்டியது. அதன் பிறகு சக்தி குறைந்ததாகத் தோன்றும்போதும், டிக் டிக் சத்தம் கூடும்போதும் பார்த்தால் போதும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம்; சூடேறும்போது அவை புஷ்ராடைவிட அதிகமாக நீள்வதால், ஓடும்போது இடைவெளி கூடுகிறது. சூட்டில் 0.04 என்று வைத்துவிட்டால் ஆறியபின் இடைவெளியே இருக்காது. வால்வ் முழுமையாக மூடாமல் கம்ப்ரஷன் போய், மறுநாள் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

1) பிளக்கைக் கழற்றி, ராக்கர் மூடிகளைத் திறங்கள்.

2) ப்ரொப்பெல்லரைச் சுழற்சித் திசையில் திருப்புங்கள். இன்டேக் ராக்கர் இறங்கி மறுபடி மேலே வந்து நின்ற பிறகு, இன்னும் ஏறக்குறைய அரைச் சுற்று போனால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். இரண்டு ராக்கரும் அப்போது சற்றே ஆட வேண்டும். பிஸ்டன் உச்சியில் இருந்தும் ராக்கர் இறுக்கமாக இருந்தால் நீங்கள் நிற்பது எக்ஸாஸ்ட் முடியும் உச்சியில். ஒரு முழுச் சுற்று திருப்புங்கள்.

3) ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே 0.04 மி.மீ. கேஜ் நுழைய வேண்டும், 0.10 நுழையக் கூடாது. ஓஎஸ் சர்பாஸ் எஞ்சின்களுக்கு இதுதான் எல்லை. சைட்டோவுக்கு 0.03-லிருந்து 0.10 வரை. வேறு எஞ்சின் என்றால் அதன் கையேட்டு அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

4) சரிசெய்ய வேண்டுமானால் லாக் நட்டைத் தளர்த்தி, 0.04 கேஜை உள்ளே வைத்து, ஆலன் கீயால் ஸ்க்ரூவை லேசாகத் தொடும்வரை இறக்குங்கள். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு மாறியிருக்கும். மறுபடி அளப்பதைத் தவிர்க்க முடியாது.

5) இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, திரும்ப உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டையும் மீண்டும் அளக்கவும். ராக்கர் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடியைப் போடுங்கள்.

இடைவெளி கூடினால் வால்வ் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். சக்தி குறையும், சத்தம் வரும், வேறு ஆபத்தில்லை. இல்லாமல் போவதுதான் கெடுதல். மூடாத எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரியும். குழப்பம் வந்தால் பெரிய அளவின் பக்கமே சாயுங்கள்.

5. ஸ்டார்ட் செய்தல்

த்ராட்டில் கால் பங்கு, நீடில் கையேடு சொல்லும் அளவு (தெரியாவிட்டால் இரண்டரைச் சுற்று). கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்து இரண்டு மூன்று சுற்று. பிறகு இக்னைட்டர் இல்லாமலே ஒரு முறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். கல் போல நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் நிறைந்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது. அந்த நிலையில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்தால் வளைவது கனெக்டிங் ராட். பிளக்கைக் கழற்றிச் சுற்றி வெளியேற்றுங்கள்.

தடையில்லாமல் சுற்றினால் இக்னைட்டரை மாட்டி, கட்டை வைத்தோ தடித்த தோல் கையுறையோடோ ப்ரொப்பெல்லரைக் கம்ப்ரஷனுக்கு எதிராகப் பின்பக்கமாகத் தட்டுங்கள். அது உதைத்துச் சரியான திசையில் கிளம்பும். ப்ரொப்பெல்லருக்கு இரண்டாவது பூட்டு நட் இல்லாமல் ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டவே கூடாது. லீனில் முன்கூட்டியே பற்றினால் எஞ்சின் சட்டென்று தடுத்து நிற்கும், சுழலும் ப்ரொப்பெல்லரோ நிற்காது. ஒற்றை நட் அவிழ்ந்து இரண்டும் முன்னோக்கிப் பறக்கும்.

6. மெயின் நீடில்

முழுச் சூடு ஏறும்வரை ஒரு நிமிடம் ஓடவிட்டு, முழு த்ராட்டில் திறந்து, பின்னாலிருந்து டேக்கோமீட்டரைக் காட்டுங்கள். நீடிலை இரண்டு மூன்று கிளிக்காக மூடி, ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி காத்திருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மெதுவாகத்தான் பதில் சொல்லும். சுழற்சி ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். 9,600-ல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே விடாமல் 9,300–9,400 ஆகும்வரை நீடிலைத் திறங்கள். உச்சத்திலிருந்து 200–300 குறைவு, இதுதான் விதி. வானத்தில் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து எஞ்சின் வேகமாகச் சுற்றும், கலவை இன்னும் லீனாகும். அதற்கான இருப்பு இது.

அடுத்து, முழு த்ராட்டிலில் விமானத்தின் மூக்கை நேர் மேலே தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சுழற்சி அப்படியே நின்றாலோ சற்றே ஏறினாலோ சரி. இறங்கினால் இன்னும் இரண்டு கிளிக் திறக்க வேண்டும். எக்ஸாஸ்டில் மெல்லிய புகைக்கோடு எப்போதும் தெரிய வேண்டும்.

ஒரே செட்டிங் வருடம் முழுக்க நிற்காது. வெயிலும் ஈரமும் மிகுந்த நண்பகலில் காற்று இலேசாகி எஞ்சின் ரிச் பக்கம் போகும். குளிர்ந்த காலையில் காற்று அடர்ந்து லீனாகும். மதியம் வைத்த செட்டிங்கோடு மறுநாள் காலையில் பறக்கவிடுவதுதான் ஆபத்தான பக்கம்.

7. ஐடில் ஸ்க்ரூ

மெயின் நீடில் முடிந்த பிறகே இது. முதலில் உங்கள் கார்புரேட்டர் எந்த வகை என்று பாருங்கள். உள்ளே இரண்டாவது நீடில் இருந்தால் வலப்பக்கம் திருக லீன். முன்பக்கம் சின்னக் காற்றுத் துளை இருந்து அதன் குறுக்கே ஸ்க்ரூ வந்தால் அது ஏர்-ப்ளீட். அதில் வலப்பக்கம் திருகினால் காற்று அடைபட்டு ரிச். இதைக் கவனிக்காமல் எதிர்த்திசையில் திருகி நாளைக் கழிப்பவர்கள் ஏராளம்.

சுழற்சியை 2,000–2,200-க்கு இறக்கி அரை நிமிடம் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் ட்யூபைக் கிள்ளிப் பிடியுங்கள். நூறு இருநூறு ஏறி, மூன்று நான்கு நொடியில் அணைந்தால் சரியான கலவை. நன்றாக ஏறி வெகுநேரம் ஓடினால் ரிச். ஏறாமலே அணைந்தால் லீன். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருக வேண்டாம்.

பிறகு ஐடிலிலிருந்து சட்டென்று முழு த்ராட்டில். கொடகொடவென்று புகை தள்ளி, திணறி ஏறினால் ஐடில் ரிச். புகையே இல்லாமல், சத்தம் அறுந்தாற்போல் நின்றால் லீன். ஐடிலை மாற்றினால் மெயின் நீடில் சற்று நகரும். ஒரு முறை திரும்பிப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இதற்கும் அடங்காத சில கோளாறுகள்

இக்னைட்டரை எடுத்ததும் நூறுக்கு மேல் சுழற்சி விழுகிறது: பிளக் பழசு அல்லது ஐடில் மிக ரிச். இரண்டு நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சக்தி இறங்குகிறது: லீன், இல்லாவிட்டால் கவுலிங்குக்குள் (எஞ்சினை மூடும் உறை) சூடு தேங்குகிறது. காற்று நுழையும் வழியைவிட வெளியேறும் வழி இரண்டு மடங்காவது பெரிதாக வேண்டும்; முன்னால் பெரிய வாய் வெட்டிப் பின்னால் மூடிவைப்பது வீண். நீண்ட இறக்கத்தின் முடிவில், தரை தொடுமுன் அணைகிறது: ஐடில் ரிச்சாகி உள்ளே எரிபொருள் சேர்கிறது. கார்புரேட்டரிலிருந்து துப்புகிறது: இன்டேக் டேப்பெட், அதுவும் சரி என்றால் கேம் டைமிங்.

பறத்தல் முடிந்த பிறகு

எரிந்த நைட்ரோவின் அமில எச்சமும் மெத்தனால் இழுத்த ஈரமும் சேர்ந்து பேரிங்கைத் தின்னும். எரிபொருள் ட்யூபைக் கழற்றி எஞ்சின் தானே வறண்டு நிற்கும்வரை ஓடவிடுங்கள். இக்னைட்டரை மாட்டி இன்னும் சில தட்டு தட்டி மிச்சத்தையும் எரித்துவிடுங்கள். கார்புரேட்டரில் ஐந்தாறு சொட்டு, ப்ரீதர் வழியாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓடி முடிந்தபின் துரு பிடிக்காமல் காப்பது) விட்டு, நன்றாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திவையுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஸ்பிரிங்குகளுக்கும் ஓய்வு.

ப்ரீதரில் துருநிறத்தில் எண்ணெய் வந்தால் பின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றும்போது வெறும் கிராங்க்கேஸை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பேரிங் லேசான தட்டலிலேயே விழும். கழற்றுமுன் கேம் கியரின் குறி பிஸ்டன் உச்சியில் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் பலமின்றி ஓடும். சோதிக்கும் வழி எளிது: பிளக் இல்லாமல் கையால் சுற்றி, எக்ஸாஸ்ட் முடியும் உச்சியில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும், இரண்டு ராக்கரும் ஏறக்குறைய ஒரே அளவு அழுந்தியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆழமாக அழுந்தியிருந்தாலோ, சுற்றும்போது எங்காவது இடித்தாலோ, ஸ்டார்ட்டரைக் கையில் எடுக்காமல் கேமை மறுபடி கழற்றுங்கள்.